ஊருக்கு ஊர் ஆள் ஏறும் கப்பல்: மத்தியதரைக் கடல் குரூஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்தியதரைக் கடலில் ஏழு இரவு குரூஸ் போய் வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நிறைய பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை கணவர், அம்மா, அத்தையோடு ஜெனோவாவில் ஏறினேன். இரண்டாம் முறை நாங்கள் பார்சிலோனாவில் ஏறினோம், பிரான்சில் இருக்கும் தங்கை குடும்பம் மறுநாள் மார்சேயில் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு முறையும் சுற்று ஒன்றுதான்: ஞாயிறு ஜெனோவா, திங்கள் ரோமுக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியா, செவ்வாய் இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோ, புதன் மால்டாவின் வலெட்டா, வியாழன் முழுக்கக் கடல், வெள்ளி பார்சிலோனா, சனி மார்சேய், மறுபடி ஞாயிறு ஜெனோவா. கீழே வரும் பதில்களை இந்த வரிசையை மனதில் வைத்துப் படியுங்கள்.

கப்பலில் எல்லோரும் ஒரே ஊரில்தானே ஏறுவார்கள்? ஊருக்கு ஊர் ஏறுவது என்றால் என்ன?

சிங்கப்பூரிலோ மயாமியிலோ கிளம்பும் கப்பல்களில் பெரும்பாலும் அப்படித்தான், ஒரே நாளில் எல்லோரும் ஏறி ஒரே நாளில் எல்லோரும் இறங்குவார்கள். மத்தியதரைக் கடலில் எம்எஸ்சி, கோஸ்டா போன்ற நிறுவனங்களின் கப்பல்கள் வேறு மாதிரி. நம் ஊர் டவுன் பஸ் வட்டமடிப்பது போல அவை வாரம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஏறக்குறைய எல்லா நிறுத்தத்திலும் கொஞ்சம் பேர் இறங்குவார்கள், கொஞ்சம் பேர் ஏறுவார்கள். இத்தாலிக்காரர் ஜெனோவாவில் ஏறலாம், பிரெஞ்சுக்காரர் மார்சேயில் ஏறலாம், ஸ்பெயின்காரர் பார்சிலோனாவில் ஏறலாம். யாரும் விமானம் பிடிக்க வேண்டாம், காரை எடுத்துக்கொண்டு வந்தால் போதும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

நமக்கு இதில் விஷயம் என்னவென்றால், இந்தக் கப்பலுக்கு முதல் நாள் என்று ஒன்று கிடையாது, கடைசி நாளும் கிடையாது. உங்களுக்கு மட்டும்தான் உண்டு. கீழே நான் சொல்லப்போகும் நல்லது கெட்டதில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

அப்படியானால் எந்தத் துறைமுகத்தில் ஏறுவது நல்லது?

விலையைப் பார்க்கும் முன்னாலேயே யோசிக்க வேண்டிய கேள்வி இது, ஆனால் நிறைய பேர் ஏஜென்ட் சொன்ன ஊரில் ஏறிவிடுகிறார்கள்.

முதலில் ஒன்று. ஏறும் ஊரைக் கப்பல் பயணத்தில் பார்க்க முடியாது. மதியம் ஏறுகிறீர்கள், ஏழு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். அந்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஒன்றிரண்டு நாள் முன்னதாகப் போய் ஹோட்டலில் தங்கித்தான் பார்க்க வேண்டும். அதனால் எந்த ஊருக்கு ஒரு நாள் போதாதோ அங்கே ஏறுங்கள் என்று சொல்வேன். முதல் முறை போகிறவர்களுக்கு என் பதில் சிவிட்டாவெக்கியா. இரண்டு மூன்று நாள் ரோமில் நிதானமாக இருந்துவிட்டு, பிறகு ரயிலில் வந்து கப்பல் ஏறலாம். ஜெனோவாவில் ஏறிய எங்களுக்கு ரோம் ஒரே ஒரு திங்கட்கிழமைதான் கிடைத்தது, அம்மாவுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது, கடல் நாள் எங்கே வந்து விழுகிறது என்று பாருங்கள். வலெட்டாவில் ஏறினால் மறுநாளே கடல் நாள், விமானக் களைப்பைத் தூங்கித் தீர்க்கலாம். பார்சிலோனாவில் ஏறினால் ஐந்து நாள் தொடர்ந்து ஊர் ஊராக இறங்க வேண்டும், கடல் நாள் கடைசியில்தான் வரும். வயதானவர்களுக்கு இது சிரமம். சிவிட்டாவெக்கியாவில் ஏறினால் இரண்டு ஊர், பிறகு ஓய்வு, அப்புறம் மூன்று ஊர்.

மூன்றாவது விமானம். சென்னையிலிருந்து ரோம், பார்சிலோனா, மிலான் மூன்றுக்கும் வளைகுடா வழியாக ஒரே ஒரு மாற்றத்தில் போய்விடலாம். ஜெனோவா விமான நிலையம் சிறியது. மிலானில் இறங்கி ஒன்றரை, இரண்டு மணி நேரம் ரயிலில் வருவது சுலபம், ஜெனோவாவின் பிரின்சிபே ரயில் நிலையத்திலிருந்து கப்பல் நிலையத்துக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்துவிடலாம். இத்தனைக்கும் பிறகு விலை. ஒரே கப்பல், அடுத்தடுத்த நாள், அதே வகை அறை என்றாலும் ஏறும் ஊரைப் பொறுத்து விலை மாறும், அதனால் ஒவ்வொரு துறைமுகமாகப் போட்டுப் பாருங்கள்.

விசா எந்த நாட்டுத் தூதரகத்தில் எடுக்க வேண்டும்? ஏறும் நாடா?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், மால்டா நான்கும் ஷெங்கனுக்குள் இருப்பவை. அதிக நாள் எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டின் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், எல்லாம் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டின் விசாவுக்கு. ஏறும் நாடு என்று நினைத்துக்கொண்டுதான் பலர் தவறு செய்கிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். பார்சிலோனாவில் ஏறி அங்கேயே இறங்கினால் ஸ்பெயினுக்கு இரண்டு நாள், இத்தாலிக்கு மூன்று நாள் வருகிறது. ஆகவே இத்தாலி விசா. அதே பயணத்துக்கு முன்னால் பார்சிலோனாவில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினால் ஸ்பெயினுக்கு நான்கு நாள் ஆகிவிடும், இப்போது ஸ்பெயின் விசா. ஹோட்டல் முன்பதிவை மாற்றினால் விசா கணக்கும் மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கப்பல் முன்பதிவுத் தாளில் எந்தத் தேதி எந்தத் துறைமுகம் என்று அச்சாகியிருக்கும் பக்கம் கட்டாயம் வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் முடியாது. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. பல முறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். சில சுற்றுகளில் துனிசியாவும் வரும், அங்கே போனால் ஷெங்கனைவிட்டு வெளியே போய்த் திரும்ப நுழைவதாகிவிடும்.

எந்தக் கிழமை எந்த ஊர் என்பது அவ்வளவு முக்கியமா?

ஆமாம். கப்பல் வாராவாரம் அதே வட்டத்தில் சுற்றுவதால், குறிப்பிட்ட ஊருக்கு அது எப்போதும் ஒரே கிழமையில்தான் போகும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். உங்கள் கப்பல் ஞாயிறுதோறும் சிவிட்டாவெக்கியா வருவதாக இருந்தால், அது கடைசி ஞாயிறாக அமைந்தால் ஒழிய, அதற்குள் இருக்கும் சிஸ்டைன் தேவாலய ஓவியங்களைப் பார்க்க வாய்ப்பு இல்லை. வலெட்டாவின் புனித ஜான் தேவாலயத்தில் கரவாஜோ என்ற இத்தாலிய ஓவியரின் புகழ்பெற்ற ஓவியம் இருக்கிறது, ஞாயிறு அங்கே சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள். பார்சிலோனாவின் பிக்காசோ அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. பணம் கட்டும் முன் இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும், அதற்கப்புறம் மாற்ற முடியாது.

ஏறும் நாள் எப்படி இருக்கும்?

ஒரு விதத்தில் நிம்மதி. எல்லோரும் ஒரே ஊரில் ஏறும் கப்பலில் சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கில் ஏற்ற வேண்டியிருக்கும், இங்கே அந்தக் கூட்டம் ஊர்களுக்குப் பிரிந்துவிடுகிறது. ஆனாலும் ஜெனோவா, சிவிட்டாவெக்கியா, பார்சிலோனா மூன்றிலும் ஏறுபவர்கள் அதிகம், மார்சேயில் கொஞ்சம் குறைவு, பலெர்மோவிலும் வலெட்டாவிலும் இன்னும் குறைவு.

சூட்கேஸை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், பிறகு அது அறைக்கு வந்து சேரும். எங்கள் நான்கு பெட்டிகளில் ஒன்று இரவு பத்து மணி வரை வரவில்லை. ஒட்டியிருந்த தாள் டேக் கிழிந்து விழுந்ததால் எந்த அறை என்று தெரியாமல் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள், நான் போய் அத்தையின் மஞ்சள் ரிப்பனைப் பார்த்துத்தான் அடையாளம் காட்டினேன். அத்தையின் பிரஷர் மாத்திரை அதற்குள்தான் இருந்தது. அன்று நான் தவித்த தவிப்பு போதும், இப்போதெல்லாம் மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி மூன்றையும் கைப்பையில்தான் வைக்கிறேன்.

அந்த மாற்றுத் துணி கொஞ்சம் நல்லதாகவே இருக்கட்டும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வரும் இரவு ஒன்று இருக்கும், அது கப்பலின் வாரப்படிதான் நடக்கும், உங்கள் வாரப்படி இல்லை. இரண்டாம் முறை நாங்கள் ஏறிய அன்றே அது வந்தது. பெட்டி வந்து சேரவில்லை, மற்றவர்கள் கோட்டும் கவுனுமாக இருக்க நான் விமானத்தில் கசங்கிய சுடிதாரோடு போய் உட்கார்ந்தேன்.

பாதுகாப்புப் பயிற்சி தினமும் நடக்கிறதாமே, தவிர்க்கலாமா?

தவிர்க்காதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் சிவிட்டாவெக்கியாவிலிருந்து மாலையில் கிளம்பி சவோனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரவு 9.45 மணிவாக்கில் ஜிக்லியோ தீவை ஒட்டிப் போகையில் பாறையில் மோதிச் சாய்ந்தது. கப்பலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், 32 பேர் இறந்தார்கள். அதுவும் இதே மாதிரி ஊருக்கு ஊர் ஆள் ஏறும் கப்பல்தான். அன்று சிவிட்டாவெக்கியாவில் ஏறியவர்களுக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய சர்வதேச விதி, மறுநாள் நடத்துவதாக இருந்தார்கள். எந்தப் படகுக்குப் போக வேண்டும் என்று தெரியாமலே அவர்கள் அந்த இருட்டில் மாட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு விதி மாறியது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்பும் முன்னாலோ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்திருக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் புது ஆட்கள் ஏறுவதால்தான் தினமும் அந்த அறிவிப்பு காதில் விழும். நீங்கள் ஒரு தடவை முடித்துவிட்டால் மறுபடி போக வேண்டியதில்லை. சில கப்பல்களில் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டுவார்கள், சிலவற்றில் அறையின் டிவியில் வீடியோ பார்த்துவிட்டு ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்குப் போய் அறை அட்டையைக் காட்டிவிட்டு வரச் சொல்வார்கள். இரண்டாவது முறையில் அவசரமாக முடித்துக்கொண்டு ஓடத்தான் தோன்றும். அப்படி ஓடாமல், அறையிலிருந்து கூடும் இடம் வரை ஒரு தடவை படிக்கட்டு வழியாக நடந்து பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் ஐந்து தளம் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாங்கள் பார்த்து வைத்துக்கொண்டோம். ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீண்ட சங்கு: அது ஆபத்து அறிவிப்பு என்று குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் சமாளிக்க முடியுமா?

முடியும். அறிவிப்புகள் இத்தாலி, பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், ஆங்கிலம் என்று ஐந்து மொழியில் வரிசையாக வரும், உங்கள் முறை வருவதற்குள் பொறுமை போய்விடும். தினசரி நிகழ்ச்சித் தாள் உங்கள் அறைக்கு வேறு மொழியில் வந்தால் ரிசப்ஷனில் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். பணியாளர்களில் இந்தியர்கள் இருப்பார்கள், அத்தை இரண்டாம் நாளே அவர்களில் ஒருவரைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

தினமும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் யாரோடும் பழக முடியாதே?

இந்தக் கப்பலின் உண்மையான குறை இதுதான் என்று நினைக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு உங்களுக்கென்று ஒரு மேசையும் நேரமும் கொடுப்பார்கள். எங்கள் மேசையில் சிசிலியைச் சேர்ந்த வயதான தம்பதி இருந்தார்கள், ஆங்கிலம் பத்து வார்த்தைதான் தெரியும், ஆனால் அந்த அம்மா தன் பேத்தியின் படத்தைக் காட்ட, என் அம்மா தன் பேரன் படத்தைக் காட்ட, இரண்டு இரவும் பேச்சு ஓடியது. செவ்வாய்க்கிழமை அவர்கள் பலெர்மோவில் இறங்கிவிட்டார்கள். அன்று இரவு அதே நாற்காலிகளில் வேறு ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு மூன்றாவது இரவு, அவர்களுக்கு முதல் இரவு. பரிமாறுபவர் மெனு அட்டையை ஆரம்பத்திலிருந்து அவர்களுக்கு விளக்கினார், அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தைகளுக்கு இன்னும் கஷ்டம். தங்கை மகனுக்கு எட்டு வயது, குழந்தைகள் கிளப்பில் ஒரு இத்தாலிப் பையனோடு ஒட்டிக்கொண்டான், அவன் நடுவழியில் இறங்கியதும் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். யார் எந்த ஊரில் இறங்குவார்கள் என்று முதலிலேயே கேட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. மாலை நேர மேடை நிகழ்ச்சிகளில் இந்தப் பிரச்சினை இல்லை. ஏழு இரவுக்கு ஏழு நிகழ்ச்சி சுழலும், எங்கே ஏறினாலும் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஏறிய அன்று உணவகத் தலைவரிடம் நேரில் ஒரு தடவை சொல்லுங்கள். எங்களுக்கு முதல் நாள் சொன்ன பிறகு மறுநாளிலிருந்து பருப்பும் சாதமும் தனியாகவே வந்தது. பார்மெசான் சீஸ் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், பார்மிஜானோ ரெஜானோ என்ற அசல் சீஸில் பாலைத் திரியவைக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவக்காரர்கள் பாஸ்தாவின் மேல் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஜெனோவாவின் பெஸ்டோ என்ற இலைச் சட்னியிலும் சீஸ் உண்டு.

கரையில் எங்களைக் காப்பாற்றியது கடலை மாவு. ஜெனோவாவில் ஃபரினாத்தா என்று ஒன்று, கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான், பெரிய வட்டத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டு வெட்டிக் கொடுக்கிறார்கள். ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று, அடையும் ஆம்லெட்டும் கலந்த மாதிரி இருக்கும். பலெர்மோவில் அதே மாவைக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிசாக வெட்டிப் பொரித்து எள் தூவிய பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். அதற்குப் பெயர் பனெல்லே. எலுமிச்சை பிழிந்து ஒரு கடி கடித்துவிட்டு அத்தை, இது உள்ளே காய் வைக்க மறந்த பஜ்ஜி என்றார். மார்சேயில் பனிஸ் என்ற பெயரில் மறுபடி அதே கடலை மாவு, தடிமனாக. ஒரே மாவு மூன்று துறைமுகத்தில் மூன்று பெயரில் கிடைக்கிறது, சைவர்கள் இந்த மூன்று பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊறுகாய், பருப்புப் பொடி எடுத்துப் போகலாம். நெய், பால் பொருட்கள், இறைச்சி இவற்றை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. எலக்ட்ரிக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி கப்பலில் கூடாது, எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

டிக்கெட் விலைக்கு மேல் என்ன செலவு ஆகும்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தானாகக் கணக்கில் ஏறும், ஏழு நாளுக்கு, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் என்று கூட்டினால் நல்ல தொகை. குடிநீர் விஷயம் நம் ஆட்களை ரொம்பச் சுடும். பல கப்பல்களில் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலுக்குக் காசு, பஃபே பகுதியில் இயந்திரத்தில் பிடித்துக்கொள்வது இலவசம். ஒரு காலி பாட்டில் கையில் இருந்தால் போதும். கப்பலுக்குள் எல்லாம் உங்கள் அறை அட்டையில்தான் ஓடும், யூரோவில் கணக்கு. கடைசி இரவுக்கு முன்பே திரையில் கணக்கைப் பார்த்துவிடுங்கள், நாங்கள் குடிக்காத இரண்டு காபி ஏறியிருந்தது, சொன்னதும் நீக்கினார்கள்.

ரோமுக்குக் கப்பல் ஏற்பாடு செய்யும் டூரில்தான் போக வேண்டுமா?

தேவையில்லை. சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோம் 70, 80 கிலோமீட்டர். துறைமுகத்துக்குள் நடமாட முடியாது, ஷட்டில் பஸ்ஸில் வெளியே வந்து அங்கிருந்து ரயில் நிலையம் போக வேண்டும். ரயில் வண்டியைப் பொறுத்து முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வத்திக்கான் பார்ப்பவர்கள் ரோமா சான் பியத்ரோ நிலையத்தில் இறங்கினால் புனித பேதுரு சதுக்கத்துக்கு நடந்துவிடலாம், கடைசி நிலையமான தெர்மினி வரை போக வேண்டாம். டிக்கெட் தாளாக வாங்கினால் பிளாட்பாரத்தில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம்.

ஒரு நாளில் வத்திக்கான், கொலோசியம் இரண்டையும் செய்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். நாங்கள் அப்படித்தான் கிளம்பினோம். ஒன்றுக்கு மட்டும் நேரம் இருந்தது, மற்றதை டாக்ஸி ஜன்னல் வழியாகத்தான் அம்மா பார்த்தார். முழங்கால் வலி உள்ளவர்கள், தனியாகப் போகப் பயப்படுபவர்கள் டூரிலேயே போங்கள். கப்பல் டூரில் போனால் பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், அந்த நிம்மதிக்குத்தான் அவ்வளவு விலை.

வயதானவர்களுக்கு எந்த ஊர் வசதி?

பலெர்மோவும் வலெட்டாவும். பலெர்மோவில் கப்பல் ஊருக்கு நடுவிலேயே நிற்கிறது, இறங்கி நடந்தால் சிறிது நேரத்தில் தெயாத்ரோ மாசிமோ இசையரங்கம் வந்துவிடும். அங்கே நமக்கு ஒரு ஆச்சரியம் உண்டு. இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல இந்த ஊரில் வாழ்கின்றன. ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவில் மோந்தே பெல்லெக்ரினோ மலையில் இருக்கிறது, 1624 கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்று இங்கே நம்புகிறார்கள், தமிழர்களில் கிறிஸ்தவர்கள் மட்டும் அல்லாமல் இந்துக்களும் அங்கே போய்க் கும்பிடுகிறார்கள். பலாரோ சந்தையில் அம்மாவும் அத்தையும் கத்தரிக்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஒரு பெண் திரும்பி, "நீங்கள் இந்தியாவோ?" என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார். நடுச் சந்தையில் மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் அங்கிருந்து நகர அரை மணி நேரம் ஆனது.

வலெட்டாவில் காலையில் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவதைப் பார்க்க அலாரம் வைத்து எழுந்திருங்கள். 1565 துருக்கியர் முற்றுகைக்குப் பிறகு புனித ஜான் சபையின் கிறிஸ்தவ வீரத்துறவிகள் எழுப்பிய கோட்டை நகரம், இரண்டு பக்கமும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் மதில் கை நீட்டினால் தொடலாம் போல நெருங்கி வரும். மதிலின் மேல் ஏற மூச்சு வாங்க வேண்டாம், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே சுமார் 58 மீட்டர் உயர லிஃப்ட் இருக்கிறது, நேராக மேல் பராக்கா தோட்டத்தில் கொண்டுபோய் விடும். பகல் 12 மணிக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள், காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

மார்சேய் கொஞ்சம் சிரமம். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து பழைய துறைமுகம் பல கிலோமீட்டர் தள்ளி, ஷட்டில் பஸ் இல்லாமல் முடியாது. பார்சிலோனாவிலும் பாலம் தாண்டி கொலம்பஸ் தூண் வரை பஸ் பிடிப்பதே நல்லது. சக்ராத ஃபமீலியா தேவாலயம் பார்க்க வேண்டுமானால் நேரம் குறித்த டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள்.

கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

கிளம்பும் நேரம் வேறு, ஏறி முடிக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கும், அறிவிப்புத் தாளில் இரண்டாவது எது என்று பாருங்கள். தனியாகப் போய்த் தவறவிட்டால் உங்கள் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ப் பிடிக்க வேண்டும். பார்சிலோனாவில் விட்டால் மார்சேய்க்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போய்விடலாம். பலெர்மோவில் விட்டால் மால்டாவுக்குப் பெரும்பாலும் விமானம்தான், வலெட்டாவில் விட்டாலும் அதே கதை. தினசரித் தாளில் அந்த ஊர்த் துறைமுக ஏஜென்டின் போன் நம்பர் இருக்கும், இறங்கும்போது அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் அதன் நகலாவது கையில் இருக்கட்டும். நான்கு நாட்டுக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்பது ஒரு ஆறுதல்.

கடல் ஆடுமா?

கோடையில் பெரும்பாலும் குளத்தில் போவது போலத்தான் இருக்கும். பார்சிலோனாவுக்கும் மார்சேய்க்கும் நடுவில் உள்ள லியோன் வளைகுடாவில் மட்டும் ஜாக்கிரதை. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மிஸ்ட்ரால் என்ற வடகாற்று இறங்கி அடிக்கும், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பலமாக. எங்கள் முதல் பயணத்தில் அந்த ஒரு இரவு அலமாரிக் கதவு தானாகத் திறந்து திறந்து மூடியது. நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். காற்று மிகவும் அதிகமானால் கேப்டன் துறைமுகத்துக்குள் போகாமலே விட்டுவிடுவார், அங்கே ஏற வேண்டியவர்களைப் பஸ்ஸில் வேறு துறைமுகத்துக்குக் கூட்டிப்போவதும் உண்டு.

போன் வேலை செய்யுமா?

கரையில் செய்யும். கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும், சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது, பில் எகிறும். கப்பல் நகர ஆரம்பித்ததும் ஃபிளைட் மோடு போட்டுவிடுங்கள்.

நாங்கள் ஒரு ஊரில், உறவினர்கள் வேறு ஊரில் ஏறி ஒன்றாக இருக்க முடியுமா?

இந்த ஏற்பாட்டின் பெரிய வரம் இதுதான். அண்ணன் சென்னையில், தங்கை பிரான்சில், மாமா இத்தாலியில் என்று சிதறியிருக்கும் குடும்பங்கள் அவரவருக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் ஏறலாம். அறைகள் தனித்தனி முன்பதிவாகத்தான் இருக்கும். ஒரே மேசை வேண்டும் என்றால் இரண்டு முன்பதிவு எண்களையும் இணைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் வேறு வேறு நேரத்தில் போட்டுவிடுவார்கள். ஏறும் நாள் மாறினால் இறங்கும் நாளும் மாறும் என்பதையும் கணக்கில் வையுங்கள், தங்கையோடு எனக்குக் கிடைத்தது ஆறு இரவு.

மார்சேயில் அந்தச் சனிக்கிழமை நான் மேல்தளக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். கீழே வரிசையில் சிவப்புத் தொப்பி ஒன்று தெரிந்தது, தங்கை மகன். மூன்று வருஷம் கழித்து அவர்களைப் பார்க்கிறேன்.

இறங்கும் நாள் எப்படி?

முந்தின இரவு நள்ளிரவுவாக்கில் பெட்டியை டேக் கட்டி அறைக்கு வெளியே வைக்க வேண்டும். அது உங்கள் நடைகூடத்தில் தினமும் நடக்கும் காட்சி, உங்களுக்கு முன்னாலேயே மூன்று நான்கு அறைகள் காலியாகி வேறு ஆட்கள் வந்திருப்பார்கள். காலையில் அறையை விட்ட பிறகும் உங்கள் நேரம் வரும்வரை கப்பலிலேயே காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம். திரும்பும் விமானத்தை மதியம் இரண்டு மணிக்கு முன் போடாதீர்கள், சிவிட்டாவெக்கியாவில் இறங்குபவர்கள் இன்னும் தள்ளிப் போடுங்கள், ஃபியூமிசினோ விமான நிலையத்துக்கு ரயிலில் போனால் ஒரு வண்டி மாற வேண்டும்.

ஜெனோவாவில் நாங்கள் இறங்கக் காத்திருந்தபோது, ஏற்கெனவே பயணத்தில் இருந்தவர்கள் நீச்சல் குளத்துப் படுக்கைகளில் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரோமில் ஏறியிருந்த ஒரு பெண் பிளாஸ்டிக் தட்டோடு வந்து, இந்த ஊரில் நடந்தே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று என் அம்மாவைக் கேட்டார். அம்மா தன் கைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த வரைபடத்தை எடுத்து ஃபரினாத்தா கடை இருக்கும் சந்தைப் பேனாவால் வட்டமிட்டு அவரிடமே கொடுத்துவிட்டார்.